படிக்காமல் கிடக்கும் 418 புத்தகங்கள்: ஒரு நூலகரின் பதில்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 44, அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவர், பிளஸ் ஒன் படிக்கும் மகன், 74 வயது மாமியார் ஆகியோருடன் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறார். எட்டு ஆண்டுகளாக, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்று இரண்டு தடவை பை நிறைய வாங்குகிறார். இடையில் தபாலிலும் வரவழைக்கிறார். ஆண்டுக்குச் சுமார் 70 புத்தகம், 18,000 ரூபாய். படித்து முடிப்பது 18. கோடை விடுமுறையில் உட்கார்ந்து எண்ணியபோது வீட்டில் 612 புத்தகங்கள் இருந்தனவாம். அவற்றில் 418 படிக்காதவை. மாமியார் படுக்கும் அறையில் மூன்று அலமாரி, கட்டிலுக்கடியில் நான்கு அட்டைப்பெட்டி, பரணில் இரண்டு சாக்கு. தூசியால் மாமியாருக்கு இருமல். சில புத்தகங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. “கணவர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் நான் பையைத் திறந்தால் எழுந்து போய்விடுகிறார்” என்கிறார். அதனால் புதிதாக வாங்குபவற்றைப் பள்ளியின் ஆசிரியர் ஓய்வறை அலமாரியில் வைத்து, இரண்டிரண்டாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இப்போதும் அங்கே பதினொன்று இருக்கின்றன. கைப்பேசியில் டெலிகிராம் குழுக்களிலிருந்து இறக்கிய 900 பிடிஎஃப் தனி.

அவர் கேட்பவை நான்கு. அத்தனையும் படித்து முடிக்கும்வரை ஒன்றுகூட வாங்குவதில்லை என்று சபதம் எடுக்கலாமா? வேக வாசிப்புப் பயிற்சிக்கு 6,000 ரூபாய் கட்டலாமா? எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா? இது மனநோயா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் நூலகர், மருத்துவர் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லலாம்: பொருட்களைக் குவிக்கும் கோளாறு என்று ஒன்று உண்டு, 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. எதையும் கழிக்க முடியாத தவிப்பு, கட்டிலில் படுக்கவோ அடுப்படியில் சமைக்கவோ முடியாத அளவுக்கு வீடு அடைந்துபோவது ஆகியவை அதன் அடையாளங்கள். புத்தகம் நிறைய வாங்குவது மட்டும் அந்தக் கணக்கில் வராது. நீங்கள் கடன் வாங்கிப் புத்தகம் வாங்கவில்லை. “எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா” என்று நீங்களாகவே கேட்கிறீர்கள். குவிக்கும் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி எளிதில் வாயில் வராது.

கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பள்ளி அலமாரி. ஒளித்து வைப்பது தொடர்ந்தால், அல்லது வீட்டுச் செலவுக்கு வைத்த பணம் புத்தகத்துக்குப் போகத் தொடங்கினால், அல்லது ஒரு புத்தகத்தைக் கொடுக்கக் கையில் எடுத்தாலே நெஞ்சு படபடத்தால், ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். இப்போதைக்கு உங்களிடம் இருப்பது சேர்க்கைக்கும் கழிவுக்கும் இடையில் ஒரு வாய்க்கால் வெட்டாத குறை. நூலகங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. அவை சமாளிப்பது எப்படி என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப்போகிறேன்.

சபதம் ஏன் நிற்காது

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 70 உள்ளே, 18 முடிகிறது. மிச்சம் 52. எட்டு ஆண்டில் 416. நீங்கள் எண்ணிய 418-க்கும் இதற்கும் இரண்டுதான் வித்தியாசம். ஆக இது ஏதோ ஒரு வருடம் கைமீறிப் போனதால் வந்ததில்லை, ஒழுங்காக, ஒரே சீராகச் சேர்ந்திருக்கிறது.

இன்றோடு வாங்குவதை நிறுத்தினாலும் 418-ஐ 18-ஆல் வகுத்தால் 23 ஆண்டு. உங்களுக்கு 67 வயதாகும். அதுவரை ஒரு புதிய எழுத்தாளரைத் தொடக்கூடாது, தோழி எழுதிய முதல் தொகுப்பைக்கூட வாங்கக்கூடாது என்ற சபதம் அடுத்த ஜனவரி வரைகூடத் தாங்காது. தாங்காதபோது நடப்பது இன்னும் மோசம். “எப்படியும் உடைந்துவிட்டது” என்று அந்த ஒரே நாளில் முப்பது வாங்குவீர்கள். பட்டினி கிடந்தவர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

அதோடு, “வாங்கிய வரிசையிலேயே படிக்கிறேன்” என்று ஒரு விதியையும் வைத்திருக்கிறீர்கள். அதை இன்றே விட்டுவிடுங்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய பெண்ணின் ஆசையை இன்றைய நீங்கள் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தடித்த புத்தகம் பிடிக்காமல் நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். நீங்கள் ஐந்து மாதம் ஒன்றுமே படிக்கவில்லை என்று எழுதியிருக்கும் காலம் இப்படித்தான் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

வேக வாசிப்புக்குக் காசு கட்ட வேண்டாம். வேகம் கூடினால் புரிதல் குறையும். வாசிப்பை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான். வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் மேலோட்டமாகத் தாண்டிப் போகும் வித்தை. அரசாணையைப் படிக்க அது உதவும், நாவலுக்கு உதவாது. உங்களுக்குத் தேவை வேகமும் இல்லை. 18 புத்தகம், சராசரி 250 பக்கம் என்றால் ஆண்டுக்கு 4,500 பக்கம், நாளுக்குப் பன்னிரண்டு. அதையே 24 புத்தகமாக்க 6,000 பக்கம், நாளுக்குப் பதினாறு. கூடுதலாக நான்கே பக்கம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் எட்டு நிமிடம்.

418 என்ற எண் பொய்

நீங்கள் அனுப்பிய வகைப்பட்டியல் இது: நாவல் 132, சிறுகதை 58, கவிதை 61, கட்டுரையும் வரலாறும் வாழ்க்கை வரலாறும் 87, முழுத் தொகுப்புகள், அகராதி, உரைநூல் 34, மகனுக்கு வாங்கிய சிறுவர் நூல் 27, போட்டித் தேர்வும் சுயமுன்னேற்றமும் 19.

மகனுக்கு இப்போது பதினாறு. அந்த 27-ஐ அவன் இனிப் படிக்கப்போவதில்லை. எந்த மூன்றை நினைவுக்கு வைத்துக்கொள்வது என்று அவனையே கேளுங்கள். மிச்சத்தை அருகிலிருக்கும் தொடக்கப் பள்ளிக்குக் கொடுங்கள். தலைமையாசிரியரிடம் பேசி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கொடுப்பது நல்லது. ஏற்றாத புத்தகம் யாருடைய மேசையிலாவது தங்கிவிடும். போட்டித் தேர்வுக் கையேடுகள் பாடத்திட்டம் மாறிய அன்றே செத்துவிட்டன. அவற்றைத் தானமாகக் கொடுப்பதுகூடத் தவறு, ஒரு ஏழைப் பிள்ளை பழைய பாடத்தைப் படித்துவிட்டுப் போய்த் தேர்வு எழுதும். பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள். இந்த இரண்டு வகையிலும் 46 கணக்கிலிருந்து போகிறது.

முழுத் தொகுப்பும் அகராதியும் தேவைப்படும்போது புரட்டுவதற்கானவை. அவற்றை “படிக்காதவை” என்று எண்ணியதே பிழை. 34-ஐயும் கணக்கிலிருந்து எடுங்கள். கவிதைத் தொகுப்பும் அப்படித்தான். எண்பது பக்கக் கவிதை நூலை ஒரே மூச்சில் படித்து “முடித்துவிட்டேன்” என்று கோடு போடுவது அந்தக் கவிஞருக்குச் செய்யும் துரோகம். 61-ஐயும் ஒரே தட்டில் கை எட்டும் உயரத்தில் வையுங்கள், நின்றபடி ஒரு கவிதை படித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

இப்போது 277. இதுதான் உங்கள் உண்மையான எண்.

பதிவேடும் பிரித்தெடுக்கும் வேலையும்

ஒரே நாளில் எல்லாப் புத்தகத்தையும் தரையில் கொட்டாதீர்கள். இணையத்தில் அப்படிச் செய்யச் சொல்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு, பாதி வேலையில், முதுகு வலியோடு, வந்த விருந்தாளிக்கு நடக்க இடமில்லாமல், எல்லாவற்றையும் கிடைத்த இடத்தில் திணித்துவிட்டு எழுந்திருப்பீர்கள். தட்டுத் தட்டாக எடுங்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஐம்பது புத்தகம், புத்தகத்துக்கு இரண்டு நிமிடம், ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம். 277-க்கு ஆறு சனிக்கிழமை.

கைப்பேசியிலேயே ஓர் அட்டவணை போடுங்கள்: எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை, நிலை. அந்த எண்ணைப் புத்தகத்தில் ஏதாவது ஒரு நிலையான பக்கத்தில், உதாரணமாக எல்லாவற்றிலும் 21-ஆம் பக்கத்தின் கீழ் மூலையில், பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், செலோ டேப் கூடவே கூடாது, பத்து வருடத்தில் பழுப்பாகித் தாளைத் தின்றுவிடும். இந்தப் பட்டியலின் முதல் பயன் ஒரே புத்தகத்தை இரண்டு தடவை வாங்காமல் இருப்பது. நாட்டுடைமை ஆன (அரசு உரிமையை வாங்கி, யாரும் அச்சிடலாம் என்று விட்ட) படைப்புகள் ஐந்தாறு பதிப்பகங்களில் ஐந்தாறு அட்டையோடு வருவதால் இது அடிக்கடி நடக்கிறது. “தேர்ந்தெடுத்த கதைகள்”, “முத்துக் கதைகள்”, “முழுத் தொகுப்பு” என்று ஒரே எழுத்தாளரின் மூன்று நூலில் பாதிக் கதை ஒன்றாகவே இருக்கும். பொருளடக்கத்தை ஒப்பிட்டால் 58 சிறுகதைத் தொகுப்பில் சில அங்கேயே விழும்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்ததும் ஒரே கேள்வி: இன்று கடையில் இதைப் பார்த்தால், முழு விலை கொடுத்து வாங்குவேனா? “நல்ல புத்தகமா” என்று கேட்காதீர்கள், எல்லாம் நல்ல புத்தகம்தான். வாங்குவேன் என்றால் தட்டுக்கு. மாட்டேன் என்றால் வெளியேறும் பெட்டிக்கு. தெரியவில்லை என்றால் முதல் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை எல்லாவற்றையும் தாண்டிய பிறகு வரும் பத்துப் பக்கத்தைச் சொல்கிறேன். தமிழ்ப் புத்தகத்தில் இருபது பக்கம்வரை வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள். அங்கேயே சலித்து நாவலைக் குறைசொல்வது நியாயமில்லை.

படிக்கத் தொடங்கியதை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் உங்களிடம் இருக்கிறது. ஐம்பது பக்கம் கொடுங்கள். பிறகும் ஒட்டவில்லை என்றால், நிறுத்திய பக்கத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் அட்டவணையில் எழுதிவிட்டு மூடுங்கள். “மொழிபெயர்ப்பு தடுக்குகிறது”, “இப்போது மனம் இல்லை”, “அச்சு மிகச் சிறியது”. முதல் காரணம் என்றால் கொடுத்துவிடலாம். இரண்டாவது என்றால் அடுத்த ஆண்டு திரும்ப எடுக்கலாம். மூன்றாவது என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள், நாற்பத்து நாலில் வெள்ளெழுத்து வருவது சாதாரணம். வாசிப்பு குறைந்துவிட்டது என்று வருந்தும் பலருக்குக் குறைந்தது பார்வைதான்.

“இப்போது விட்டால் கிடைக்காது” என்பதில் உண்மை எவ்வளவு

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் இந்த வாக்கியம் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும் ஆலோசகர்கள் இதைப் பயம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் உலகத்தில் அது சரி. தமிழில் பாதிதான் சரி.

சிறு பதிப்பகம் ஒரு கவிதைத் தொகுப்பையோ ஆய்வு நூலையோ முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அடிக்கும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு நூறு, இருநூறு, முந்நூறு என்று அடிப்பதும் உண்டு. விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு வருமா என்பது பதிப்பாளரின் மனநிலையையும் கையிருப்புப் பணத்தையும் பொறுத்தது. மொழிபெயர்ப்பு என்றால் உரிமை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அச்சு நின்றுவிடலாம். எனவே இந்த வகையை வாங்கி வைப்பது பித்தில்லை, முன்யோசனை. நீங்கள் இலங்கைப் பதிப்புகள் சில வாங்கி வைத்திருப்பதாக எழுதியதையும் இதில் சேர்க்கிறேன். அவை இங்கே கடை கடையாகக் கிடைப்பதில்லை.

மறுபக்கம், உங்கள் 132 நாவலில் எத்தனை நாட்டுடைமை ஆனவை, எத்தனை ஆண்டுதோறும் மறுபதிப்பாகிறவை என்று எண்ணிப் பாருங்கள். அவை எங்கும் போகா. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் இலவசம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பில் பழந்தமிழ் இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்துவரை இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு “நூலகம்” என்ற இணையதளம். எந்த நாளும் கிடைப்பதை இன்றே வாங்கி அடுக்க ஒரு காரணமும் இல்லை, படிக்க உட்காரும் வாரத்தில் வாங்கினால் போதும்.

அடுத்து பத்து சதவீதக் கழிவு. புத்தகக் காட்சியில் வழக்கமாகத் தருவது அது. 300 ரூபாய்ப் புத்தகத்தில் மிச்சம் 30. பத்து வாங்கி ஏழு புத்தகத்தைப் படிக்காமல் விட்டால் 270 வீதம் 1,890 ரூபாய் அலமாரியில் முடங்குகிறது, மிச்சம் பிடித்தது 300. அதைவிடப் பெரிய பொறி, நூல் வெளிவரும் முன்பே பணம் கட்டும் முன்வெளியீட்டுத் திட்டம். ஐந்து தொகுதி, பெரிய தள்ளுபடி, கடைசித் தேதி என்று மூன்றையும் சேர்த்துக் காட்டும்போது கை தானாகப் போகும். எனக்கு ஒரு விதி உண்டு: ஒரே எழுத்தாளரின் இரண்டு நூலாவது படித்து முடிக்காமல் அவருடைய தொகுதி வரிசைக்குப் பணம் கட்டுவதில்லை.

வரும் ஜனவரிக்குச் சென்னை போகும்போது, ரயிலேறும் முன்பே பட்டியல் எட்டுத் தலைப்பு. கூடுதலாக நான்கு இடம் காலி, அங்கே கண்ணில் படும் புதியவற்றுக்கு. மொத்தம் அதிகபட்சம் பன்னிரண்டு. பணத்தை ஓர் உறையில் எடுத்துப் போங்கள், கைப்பேசியில் தட்டிக் கொடுத்தால் கணக்கே தெரியாது. முதல் சுற்றில் வாங்காமல் விலைப்பட்டியல்களை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள், தேநீர் குடித்துவிட்டு இரண்டாம் சுற்றில் வாங்குங்கள். வாங்கியதும் அரங்க வாசலிலேயே முதல் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் நாளும் “ஏன் வாங்கினேன்” என்று ஒரு வரியும் எழுதுங்கள். பணம் கொடுக்கும் முன்பே அந்த வரியை மனதில் சொல்லிப் பாருங்கள், வரி வராத புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட அப்போது நேரம் இருக்கும். ஆண்டு முழுமைக்குமான வரம்பு: போன ஆண்டு படித்ததில் பாதி. 24 படித்தால் 12. ஆகஸ்டில் வாங்கியது போக மிச்சம் ஜனவரிக்கு.

யாருக்குக் கொடுப்பது

“எல்லாவற்றையும் நூலகத்துக்கு” என்பதில் இரண்டு தவறான எண்ணம் இருக்கிறது. ஒன்று, நூலகம் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பது. கிளை நூலகத்திலும் தட்டு நிரம்பியிருக்கிறது. பூச்சி அரித்தது, நனைந்து உப்பியது, அட்டை கிழிந்தது, தேர்வுக் கையேடு, நடுவில் தொகுதி விட்டுப்போன வரிசை ஆகியவை அங்கே சுமைதான். உங்கள் அட்டவணையில் “கொடுக்க” என்று குறித்தவற்றை மட்டும் அச்செடுத்து நூலகரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். தேவையானதை அவர் டிக் செய்வார். சாக்கோடு போய் இறக்கினால் அது அவருடைய பரணுக்குப் போகும்.

இரண்டு, எல்லாம் ஒரே இடத்துக்குப் போக வேண்டும் என்பது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. வேதியியல், அறிவியல் வரலாறு சார்ந்தவை உங்கள் பள்ளி நூலகத்துக்கு. நாவல்களும் வாழ்க்கை வரலாறும் சிறைவாசிகளுக்கு: புத்தகக் காட்சிகளில் சிறைத்துறை அரங்கு வைத்து நூல்கொடை பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். பரண் சாக்கில் தாத்தா காலத்துப் பழைய அச்சு, சிற்றிதழ், குஜிலிப் பாட்டுப் புத்தகம் (அந்நாளில் தெருவில் விற்ற மலிவு விலைப் பாட்டு நூல்) எதுவும் இருந்தால் எடைக்குப் போடும் முன் நில்லுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த தொகுப்பிலிருந்து எழுந்த நூலகம் அது. இதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளாதவர்கள் அவர்கள்.

இரவல் கொடுத்தவற்றையும் அட்டவணையில் ஏற்றுங்கள், பெயரும் நாளும் போட்டு. ஆறு மாதம் தாண்டியதைக் கொடையாக எழுதிவிட்டு மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். கேட்டுச் சண்டை போடும் வயது நமக்குத் தாண்டிவிட்டது.

அந்த 900 பிடிஎஃப் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. நாட்டுடைமை ஆகாத, உரிமை உள்ள நூலை ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடுவது சட்டமீறல். முந்நூறு பிரதி விற்கக் காத்திருக்கும் பதிப்பாளருக்கு அது நேரடி அடி. நீங்கள் அவற்றில் நான்கைத்தான் திறந்திருக்கிறீர்கள். அழித்துவிடுங்கள். நாட்டுடைமை ஆனவற்றையும் உரிமைக் காலம் முடிந்தவற்றையும் வேண்டும்போது முறையான தளத்திலிருந்து எடுக்கலாம்.

பூச்சி, தூசி, இருமல்

புத்தகங்கள் மாமியார் அறையைவிட்டு வெளியே வர வேண்டும். இதில் பேரமே கிடையாது. பணம் உங்கள் சம்பளம், அதில் புத்தகம் வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அறையும் காற்றும் அவருடையவை. அலமாரிகளைக் கூடத்துக்கோ நடைபாதைச் சுவருக்கோ மாற்றுங்கள். மூன்று அலமாரிக்கு அங்கே இடமில்லை என்றால் இரண்டு, அந்த இரண்டு கொள்ளும் அளவுதான் உங்கள் வீட்டின் கொள்ளளவு. வெளிச்சுவரில் ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் விடுங்கள், கீழ்த்தட்டு தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும். நேர் வெயில் படக்கூடாது.

பூச்சி என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள், எது என்று பாருங்கள். தாளின் மேற்பரப்பு சுரண்டியது போலிருந்து, திறக்கும்போது வெள்ளியாய் நெளிந்து ஓடினால் ராமபாணம். பசையையும் அட்டையையும் தேடி வருவது, ஈரம் குறைந்தால் போய்விடும். வட்டத் துளை பல பக்கத்தைத் துளைத்துக்கொண்டு போய், மாவு போலத் தூள் கொட்டினால் வண்டுப் புழு. மண் பூசிய தடம் இருந்தால் கரையான்: அன்றைக்கே வீட்டு உரிமையாளரிடம் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள், அது புத்தகத்தோடு நிற்காது, கதவு நிலைக்கும் போகும்.

வண்டு பிடித்த புத்தகத்தை ஜிப் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் உடனே உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துப் புத்தகம் கெடும். பூஞ்சணம் பிடித்ததற்கு இது உதவாது. முகக்கவசம் போட்டு மொட்டைமாடி நிழலில் உலர்த்தி, மென்தூரிகையால் துடைக்க வேண்டும். பாச்சா உருண்டையைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், இருமுகிறவர் இருக்கும் வீட்டில் அந்த ஆவி வேறு எதற்கு. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம். ஆனால் மாதத்துக்கொரு முறை மாற்றாமல் ஈரம் ஏறினால் அதுவே பூஞ்சணத்துக்கு விருந்து. மருந்தைவிட முக்கியம் மாதம் ஒரு தட்டு எடுத்துத் தட்டித் துடைப்பது. கட்டிலடிப் பெட்டியும் பரண் சாக்கும் காலியாக வேண்டும், கண்ணில் படாத புத்தகத்தை யாரும் படிப்பதில்லை, பூச்சியைத் தவிர.

படிப்பது எப்படி ஓடும்

வரிசையை விட்டுவிட்டால் எதைப் படிப்பது? தலைமாட்டில் ஐந்து புத்தகம் வையுங்கள்: ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு வரலாறு அல்லது கட்டுரை, ஒரு கவிதை, போன மாதம் வாங்கியதில் ஒன்று. புதியதையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், வாங்கிய சூட்டில்தான் ஆசை அதிகம். ஆறு மாதம் அடுக்கில் போனால் அதுவும் பழையதோடு பழையதாகிவிடும். மூன்று மாதம் தொடாமல் கிடப்பதை மாற்றுங்கள், ஒரே புத்தகம் இரண்டு தடவை அப்படித் திரும்பிப் போனால் வெளியேறும் பெட்டிக்கு. நூலகத்திலிருந்து இரவல் எடுப்பதையும் நிறுத்த வேண்டாம், திருப்பித் தரும் தேதி ஒன்று அச்சாகியிருந்தால் படிப்பு தானாக நடக்கிறது.

277-இல் தொண்ணூறு வெளியேறினால் 187 மிச்சம். ஆண்டுக்கு 24 படித்து 12 வாங்கினால் பன்னிரண்டு வீதம் குறையும். ஏழு ஆண்டில் நூறுக்குப் பக்கம் வரும். பூஜ்யம் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை. நான்கு ஆண்டுக்கான நெல் குதிரில் இருப்பது யாருக்கும் பாரமில்லை. “படிக்காத புத்தகமே அறிவின் அடையாளம்” என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அந்த ஆறுதலும் வேண்டாம், அது கட்டிலடிப் பெட்டிகளுக்குச் சூட்டும் கிரீடம்.

கணவர் எழுந்து போவது கோபத்தால் என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பேச்சை மன்னிப்பில் தொடங்காதீர்கள், அட்டவணையில் தொடங்குங்கள். முதல் பெட்டி வெளியேறிய அன்று, “இத்தனை இருக்கிறது, இத்தனை போகிறது, இனி ஆண்டுக்குப் பன்னிரண்டு” என்று காட்டுங்கள். பரண் சாக்கை இறக்க அவர் கையும் வேண்டும்.

வேலையை எங்கே தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஓய்வறை அலமாரியைத் திறந்து, அந்தப் பதினொன்றையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கூடத்து மேசையில் வைத்து, அட்டவணையில் 1 முதல் 11 வரை அவற்றை ஏற்றுங்கள். ஏன் வாங்கினீர்கள் என்பது அவற்றுக்குத்தான் இன்னும் நினைவிருக்கும்.